பழைய வண்டி வாங்குமுன்

பரங்கிப்பேட்டைக் கடற்கரைப் பகுதியிலிருந்து குடும்பத் தலைவர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். அன்னங்கோயிலில் மீன் ஏலம் எடுத்து, பெட்டிகளில் பனிக்கட்டியிட்டு, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் அனுப்பும் சிறு வியாபாரம் அவருடையது. இத்தனை நாளும் வாடகை வண்டியிலேயே சரக்குப் போயிற்று. வருமானத்தில் பெரும்பங்கை வாடகையே விழுங்கிவிடுகிறதே என்று எண்ணி, பழைய பிக்கப் வண்டி ஒன்றைச் சொந்தமாக வாங்க விழைந்தார். சென்னையில் ஒரு வண்டி விலைக்கு வந்தது. 2020-ஆம் ஆண்டுத் தயாரிப்பு. பார்வைக்குப் புதியதுபோல் இருக்கிறது, விலையும் குறைவு. மனைவியின் நகைகளை அடகு வைத்தால் முன்பணம் கட்டிவிடலாம் என்று கணக்கும் போட்டாயிற்று.

அந்த நேரத்தில் மைத்துனர் குறுக்கிட்டாராம். "மச்சான், அந்த வண்டியைக் கம்பெனியே திரும்பக் கூப்பிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். அக்காள் நகையை வைத்து அதை வாங்க வேண்டாம்" என்று அவர் சொல்ல, வீட்டில் அனைவரும் குழம்பிப் போயினர். "குறை உண்டு என்று கம்பெனியே ஒப்புக்கொண்ட வண்டியை வாங்கலாமா, கூடாதா?" என்பது அன்பரின் கேள்வி.

இக்கேள்வி அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. நம் குடும்பங்களில் பலர் காய்கறி, பால், செங்கல், மீன் என்று ஏதேனும் ஒரு சரக்கை நம்பிப் பிழைப்பவர்கள். 2005-ஆம் ஆண்டு டாட்டா நிறுவனம் 'ஏஸ்' என்ற சிறு சரக்கு வண்டியை வெளியிட்டபோது, நம் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயரிட்டு வீட்டு உறுப்பினர்போல் ஏற்றுக்கொண்டனர். பின்னர் 2011-இல் அசோக் லேலண்டின் 'தோஸ்த்' வந்தது. மகிந்திராவின் பிக்கப் வண்டிகளைக் காணாத ஊரே இல்லை எனலாம். புதிதாக வாங்க வசதியற்றவர்கள் பழையதை நாடுகின்றனர். வண்டி நன்றாக அமைந்தால் குடும்பம் நிமிரும். ஏமாந்தால் நகையும் போய், கடனும் நிற்கும். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

திரும்ப அழைப்பு என்பது யாது?

முதலில் அன்பரின் கேள்விக்கு நேர் விடை கூறிவிடுவோம். திரும்ப அழைக்கப்பட்டது என்னும் ஒரே காரணத்துக்காக ஒரு வண்டியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அழைப்பை ஏற்று அது சர்வீஸ் நிலையத்துக்குச் சென்றதா, குறை நீக்கப்பட்டதா என்பதே கேட்க வேண்டியது. சொல்லப்பட்ட குறையைத் தீர்த்துக்கொள்ளலாம். மறைக்கப்பட்ட குறைதான் நம்மை நடுவழியில் நிறுத்தும்.

ஒரு குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகளில் ஏதேனும் ஒரு பாகம் பழுதாயிருக்கலாம் என்று நிறுவனத்துக்கு ஐயம் எழுந்தால், அவ்வண்டிகளை வரவழைத்து, சோதித்து, வேண்டுமாயின் அப்பாகத்தை இலவசமாக மாற்றித் தருவதே 'ரீகால்' எனப்படும் திரும்ப அழைப்பு. அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டிலேயே இதற்கு வழி செய்யும் சட்டம் பிறந்தது. நம் நாட்டில் வண்டி தயாரிப்பாளர் சங்கம் 2012 ஜூலை முதல் தானாகவே இந்த ஒழுங்கைக் கைக்கொண்டது. பின்பு 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது 110-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்குரிய விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இதன்படி, ஓட்டுபவருக்கோ சாலையில் செல்பவருக்கோ தீங்கு விளைவிக்கக் கூடிய குறை இருப்பின், வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி அரசே நிறுவனத்துக்குக் கட்டளையிடலாம். 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே இவ்விதி பொருந்தும் என்பதையும் நினைவில் கொள்க.

உதாரணம் காட்டுவோம். 2018 டிசம்பரில் மாருதி நிறுவனம் தன் 'சூப்பர் கேரி' சரக்கு வண்டிகளில் 5,900-ஐ எரிபொருள் வடிகட்டியைச் சோதிப்பதற்காகத் திரும்ப அழைத்தது. 2021 ஆகஸ்டில் மகிந்திரா நிறுவனம் 29,878 பிக்கப் வண்டிகளை அழைத்தது. திரவம் செல்லும் குழாய் ஒன்று சரிவரப் பொருத்தப்படாமல் இருக்கலாம் என்பது அதன் காரணம். 2020 ஜனவரி முதல் 2021 பிப்ரவரி வரை தயாரான வண்டிகளுள் சிலவே அதில் அடங்கியவை. அந்த மாடல் முழுவதுமே கெட்டது என்று எவரும் கூறவில்லை. குறையை ஊரறியச் சொல்லி, தன் செலவில் திருத்தித் தந்தது நிறுவனம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. திரும்ப அழைப்பைப் பற்றிய செய்தி நிறுவனத்தின் ஏட்டில் உள்ள உரிமையாளரின் முகவரிக்கும் தொலைபேசிக்குமே செல்கிறது. வண்டி இரண்டு மூன்று கை மாறி, பெயர் மாற்றம் செய்யப்படாமல் ஓடிக்கொண்டிருந்தால், கடிதம் முதல் உரிமையாளர் வீட்டுக்குப் போகும். வண்டியோ வேறு ஊரில் பழுதான பாகத்தோடு சரக்கேற்றிச் செல்லும். பழைய வண்டி வாங்குவோர் இதைத் தாமே விசாரித்தறிய வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

விசாரிக்கும் முறை எளிது. ஆர்.சி. புத்தகத்தில் 17 எழுத்தும் எண்ணுமாக ஒரு சேசிஸ் எண் இருக்கும். அதே எண் வண்டியின் சேசிஸிலும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்றுதானா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுக. பின் அந்நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்துக்குச் சென்று மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். இந்த எண்ணுக்குத் திரும்ப அழைப்பு ஏதேனும் உண்டா? உண்டெனில் வேலை முடிந்துவிட்டதா? இதுவரை எந்தெந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸ் செய்யப்பட்டது? வேலை முடியவில்லை என்றால், கைமாறிய வண்டியாயினும் இலவசமாகச் செய்து தருவது வழக்கம். உரிமையாளரையும் உடன் அழைத்துச் செல்வது நலம். அவர் வர மறுத்தால் அதுவே ஒரு விடை.

மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. திரும்ப அழைப்பு தயாரிப்பு மாதத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. பதிவு செய்த மாதத்தைக் கொண்டன்று. 2021 பிப்ரவரியில் தயாரான வண்டி மே மாதத்தில் பதிவாகியிருக்கலாம். ஆகவே ஆர்.சி.யில் தயாரிப்பு மாதம் எது என்று பார்க்க.

உப்பு தின்னும் இரும்பு

நம் பரங்கிப்பேட்டைக்கும் இரும்புக்கும் பழைய உறவு உண்டு. 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் இங்கே ஆலை அமைத்து, சேலம் பகுதியின் இரும்புத் தாதுவை உருக்கி, இங்கிலாந்துக்கும் இரும்பு அனுப்பினார். அந்த ஆலை மறைந்து வெகுகாலம் ஆயிற்று. வெள்ளாறு கடலோடு கலக்கும் இந்த ஊரின் உப்புக் காற்று மட்டும் அன்றுபோல் இன்றும் வீசுகிறது. அதற்கு இரும்பின்மீது இரக்கமில்லை.

மீன் வண்டிக்கு இத்துன்பம் இரட்டிப்பு. பனிக்கட்டி உருகி, மீனின் உப்புநீரோடு கலந்து, தளத்தின் இடுக்குகள் வழியே சேசிஸில் சொட்டிக்கொண்டே இருக்கும். பிரேக் குழாய்களும் ஸ்பிரிங் பட்டைகளும் மின்கம்பி இணைப்புகளும் அதில் நனைகின்றன. மேலே பளபளப்பு இருக்க, அடியில் துரு தின்னும்.

இது வெளிநாட்டிலும் நடந்ததே. டொயோட்டா நிறுவனத்தின் 'டக்கோமா' என்ற பிக்கப் வண்டி அமெரிக்காவில் மிக உறுதியானது என்று பெயர் வாங்கியது. குளிர்காலத்தில் பனியைக் கரைக்கச் சாலைகளில் உப்புத் தூவும் மாநிலங்களில், அதன் சேசிஸ் துருவேறி ஓட்டை விழலாயிற்று. 2008-ஆம் ஆண்டு, 1995 முதல் 2000 வரையிலான மாடல்களில் சேசிஸ் மிகவும் கெட்டுப்போன வண்டிகளை, சந்தை விலையைப் போல் ஒன்றரை மடங்கு கொடுத்து அந்நிறுவனம் திரும்ப வாங்கிக்கொண்டது. அவற்றின் என்ஜின்களில் குறையில்லை. ஆனால் தாங்கி நிற்கும் சட்டமே செத்துவிட்டால் நல்ல என்ஜினால் யாது பயன்?

நாமும் இவ்விஷயத்தில் ஒருமுறை ஏமாந்தவர்களே. சில ஆண்டுகளுக்கு முன் வீட்டு உபயோகத்துக்கு ஒரு பழைய வேன் வாங்கினோம். அடியில் கறுப்புப் பெயிண்ட் புதிதாக அடித்திருந்ததைப் பார்த்து, 'எவ்வளவு பொறுப்பாக வைத்திருக்கிறார்' என்று விற்றவரை மெச்சிக்கொண்டோம். இரண்டாவது மழைக்காலத்தில் சக்கரம் ஒரு பக்கமாய் இழுக்கவே மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் அடியில் படுத்து, ஸ்குரூ டிரைவரால் சேசிஸை ஓர் இடத்தில் குத்தினார். அது அப்படியே உள்ளே இறங்கிற்று. "ஐயா, இரும்பு எப்போதோ போய்விட்டது. பெயிண்ட்தான் வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது" என்றார் அவர். அன்று நாம் கற்ற பாடத்தை வாசகர்கள் பணம் செலவழிக்காமலே கற்றுக்கொள்ளட்டும்.

ஆகவே, எந்தப் பழைய வண்டியையும் குழிமேட்டில் ஏற்றி அடியில் பார்த்த பின்னரே விலை பேசுக. சிறு சுத்தியலால் சேசிஸை நெடுகத் தட்டிப் பார்த்தால், நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருப்பிடித்த இடம் மந்தமாய் ஒலிக்கும். அடிப்பாகத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால் ஏன் என்று கேட்க. வெல்டிங் தழும்பு, ஒட்டுப் போட்ட தகடு, உடைந்து மாற்றிய ஸ்பிரிங் பட்டை ஆகியவை அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியதைக் காட்டிக்கொடுக்கும். முதலில் வந்த குட்டி யானை முக்கால் டன் பாரத்துக்கென அமைக்கப்பட்டது. அதில் ஒன்றரை டன் ஏற்றி ஓட்டியவர் விற்கும் வண்டியை வாங்குபவர், அவர் செய்த பாவத்துக்குத் தாம் அபராதம் கட்டுகிறார்.

வெள்ளம் கண்ட வண்டி

அன்பர் பார்த்த வண்டி சென்னையிலிருந்து வருவது. விலையும் குறைவு. இவ்விரண்டும் சேரும்போது இன்னொரு கேள்வி எழுகிறது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் சென்னையில் எண்ணற்ற வண்டிகள் நீரில் மூழ்கின. நம் பக்கத்திலும் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபின், தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பகுதி வெள்ளக்காடாயிற்று. 2020-இல் தயாரான வண்டி பின்னிரண்டு வெள்ளங்களில் எதையேனும் கண்டிருக்கக் கூடும். மூழ்கிய வண்டிகளில் சில, இன்ஷூரன்ஸ் நிறுவனத்தால் முழு நஷ்டம் என்று கழிக்கப்பட்டு ஏலத்தில் போகின்றன. அவற்றைக் கழுவிப் பூசி வேறு ஊரில் விற்போரும் உண்டு.

வெள்ளம் தன் அடையாளத்தை எங்கேனும் விட்டே செல்லும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கோடு தெரியலாம். சீட்டுக்கு அடியில் உள்ள ஆணிகளும் கம்பிகளும் துருவேறியிருக்கலாம். மின்கம்பி இணைப்புகளைக் கழற்றினால் பச்சைக் களிம்பு காணலாம். முகப்பு விளக்கினுள் நீர்க்கறை தங்கியிருக்கலாம். கதவுகளை மூடி வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திப் பின் திறந்தால், அழுகிய ஈரவாடையும் வரலாம். இவற்றில் இரண்டு மூன்று ஒருங்கே காணப்பட்டால் அவ்வண்டியை விட்டுவிடுவதே அறிவுடைமை. நீர் புகுந்த மின்கம்பிகள் இன்று வேலை செய்து, ஆறு மாதம் கழித்து நள்ளிரவில் சரக்கோடு கைவிடும். கெட்டுப்போன மீனுக்கு எவரும் விலை தரமாட்டார்.

என்ஜினைப் பேசவிடுக

வண்டி பார்க்க விடியற்காலையில் செல்லுங்கள். முன்கூட்டி நேரம் சொல்ல வேண்டாம். போனதும் என்ஜின்மேல் கை வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே சூடாயிருந்தால், குளிர்ந்த நிலையில் எளிதில் கிளம்பாத குறையை மறைக்க ஓட்டி வைத்திருக்கக் கூடும். கிளப்பியதும் புகையைக் கவனியுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, உள்ளே தேய்மானம். ஓயாத கரும்புகை டீசல் சரிவர எரியாததைக் காட்டும். வண்டி சூடேறிய பின்பும் நிற்காத வெண்புகை, தண்ணீர் என்ஜினுக்குள் கசிவதைக் குறிக்கலாம். என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வெளிவருமாயின், என்ஜின் வேலை அண்மையில் வரும் என்று கொள்க.

பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். வெறும் வண்டியைத் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றுவது போதாது. பாதிப் பாரமேனும் ஏற்றி, பரங்கிப்பேட்டையிலிருந்து பி.முட்லூர் சந்திப்பு வரை போய்த் திரும்பும் அளவுக்காவது ஓட்டுக. பிரேக் போட்டால் நேராக நிற்கிறதா, கியர் தானாக நழுவுகிறதா, மேட்டில் கிளட்ச் வழுக்குகிறதா என்பன அப்போதுதான் தெரியும். மீட்டர் காட்டும் கிலோமீட்டரை மட்டும் நம்பற்க. சர்வீஸ் நிலையத்தார் சொன்ன கணக்கோடு ஒப்பிடுக. மீட்டர் 40,000 காட்ட, பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்குமாயின் இரண்டில் ஒன்று பொய். நீங்களே தேர்ந்த ஒரு மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். விற்பவர் அழைத்துவரும் மெக்கானிக் விற்பவருக்கே மெக்கானிக்.

காகிதங்கள்

வண்டி நன்றாயிருந்து காகிதம் கெட்டுப்போனாலும் நஷ்டமே. மத்திய அரசின் 'பரிவாகன்' இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால், பதிவுத் தேதி, எஃப்.சி. எதுவரை, இன்ஷூரன்ஸ் எதுவரை, கடன் நிலுவை குறிக்கப்பட்டுள்ளதா என்பன தெரியவரும். சரக்கு வண்டிக்கு 8 ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. பார்க்க வேண்டும். பைனான்ஸ் கடன் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான என்.ஓ.சி.யும் 35-ஆம் படிவமும் பெற்று, ஆர்.சி.யில் அக்குறிப்பு நீக்கப்படும்வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். புதுச்சேரி, காரைக்கால் பதிவு வண்டியாயின் அங்கிருந்து 28-ஆம் படிவத்தில் என்.ஓ.சி. வேண்டும், தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். அச்செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்தே 'மலிவு' என்று சொல்லலாம்.

29-ஆம், 30-ஆம் படிவங்களில் கையொப்பம் வாங்கி வீட்டுப் பெட்டியில் வைத்துக்கொள்வோர் பலர். இது பெருந்தவறு. விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பெயர் மாற்ற வேண்டும். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்றேல் வண்டி சேதமானால் வாங்கியவர் இழப்பீடு கேட்க இயலாமற்போகும். விற்பவருக்கும் இதில் ஆபத்து உண்டு. பெயர் மாற்றாமல் பல கை மாறிய ஒரு வண்டி விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர், அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 6 அன்று தீர்ப்பளித்தது. வண்டியை விற்றுப் பல ஆண்டு ஆனபின் நீதிமன்றத்தில் நிற்க யார் விரும்புவர்? பெயர் மாறினால், திரும்ப அழைப்புக் கடிதமும் சரியான வீட்டைத் தேடி வரும் என்பதையும் மறக்கலாகாது.

விற்பவருக்கும் ஒரு சொல்

இதுவரை வாங்குபவருக்கே எழுதினோம். ஆனால் இன்று வாங்குபவர் நாளை விற்பவர். முன்னே கூறிய வேனின் கதையை முடித்துவிடுகிறோம்.

சேசிஸ் ஓட்டை என்று தெரிந்ததும், "ஒரு தகடு வைத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தால் யாருக்கும் தெரியாது, போட்ட பணத்தை எடுத்துவிடலாம்" என்று யோசனை சொன்னவர்கள் இருந்தனர். நமக்கும் அந்த ஆசை வரவில்லை என்று சொல்வதற்கில்லை. நம்மை ஏமாற்றியவர்மேல் இருந்த கோபமே அதற்குச் சமாதானமாகவும் தோன்றிற்று. அடுத்த வாரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் மனைவி மக்களோடு வண்டி பார்க்க வந்தார். சின்னப் பையன் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துகொண்டான். அவனைப் பார்த்த பின் பெயிண்ட் அடிக்கும் யோசனை நம்மிடம் நிற்கவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்து அவரிடமே கொடுத்து, குத்திப் பார்க்கச் சொன்னோம். அவர் வாங்கவில்லை. வேனைப் பழைய இரும்புக்கடைக்கே அனுப்பினோம். நஷ்டம் பெரிதுதான், அந்த ஆண்டு வீட்டில் சில செலவுகளைத் தள்ளிப்போட நேர்ந்தது. ஆயினும் அந்தச் சிறுவனின் தந்தை இன்றும் எங்கேனும் கண்டால் நின்று பேசிவிட்டே போகிறார்.

ஆயிரக்கணக்கான வண்டிகளை விற்ற நிறுவனம் தன் குறையைப் பத்திரிகையில் அறிவித்துத் திருத்த முடியுமானால், ஒரே வண்டியை விற்கும் நாம் வாங்க வருபவரிடம் உண்மையைச் சொல்ல முடியாதா?

கடிதம் எழுதிய அன்பருக்கு இறுதியாகச் சொல்வது இது. மைத்துனர் நல்லெண்ணத்தோடுதான் தடுத்தார். அவரையே உடன் அழைத்துச் செல்லுங்கள். சேசிஸ் எண்ணை எழுதிக்கொண்டு சர்வீஸ் நிலையத்தில் கேளுங்கள். திரும்ப அழைப்பு வேலை முடிந்து, அடிப்பாகம் கெட்டியாயிருந்து, வெள்ளத்தின் அடையாளம் இல்லாமல், காகிதங்களும் நேராக இருக்குமாயின், தயங்காமல் வாங்கலாம். விலையில் பத்தில் ஒரு பங்கை முதலாண்டு ரிப்பேருக்கென்று தனியே எடுத்து வையுங்கள். வாங்கிய பின், மீன் இறக்கும் ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். இவற்றில் ஒன்றுக்கேனும் விற்பவர் தெளிவான விடை தர மறுத்தால், நகைகள் பெட்டியிலேயே இருக்கட்டும். வேறு வண்டி வரும்.